உம் கொட்டும் நிருபர்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிறது.

ரேடியோ நிலையத்தில் கோடைக்காலப் பயிற்சி நிருபராகச் சேர்ந்துவிட்டேன். “எட்டாவது ஃபெயிலானவனுக்கு மைக்கா?” என்று சிரித்த அத்தானிடம் சொல், என் குரல் கேட்டு நிலையமே எழுந்து நின்றது.

முதல் வேலையாகச் செருப்புத் தைக்கும் பெரியவரைப் பேட்டி எடுத்தேன். செய்தி ஆசிரியர் மேடம் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“அவர் பேசப் பேச நீங்க உம் கொட்டிக்கிட்டே இருக்கீங்க! தலையை மட்டும் ஆட்டணும். மறுபடி எடுங்க, இல்லன்னா ஒலிபரப்ப மாட்டேன்.”

மறுபடி பெரியவரிடம் போய், வாயை மூடித் தலையாட்டினேன். செருப்பிலிருந்து கண்ணெடுக்காத பெரியவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். “என்னப்பா, இருக்கியா, போயிட்டியா?”

அந்தப் பதிவையே மேடத்துக்குப் போட்டுக் காட்டினேன். “உம் கொட்டாம எவன் பேசுவான்? வேணும்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க. அந்த ‘உம்’மை மட்டும் வெட்ட விடமாட்டேன்” என்றேன். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முதல் பேட்டி நாளைக் காலை ‘உம்’மோடுதான் வருகிறது. ஊர் உலகமே கேட்கும்!

ஒரு சின்ன உதவி அக்கா. போனில் நான் அளக்கும்போது சத்தமில்லாமல் கேட்காதே, உம் கொட்டு. என் அறையில் அதற்கு ஆளில்லை. பஸ் வந்துவிட்டது.

உன் தம்பி, நிருபர்