இனிஷியல் இல்லாத சீட்டு

போடியிலிருந்து

சூர்யகலாவுக்கு,

நீயும் சுஜிதாவும் தேவாரத்தில் உன் அம்மா வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று உன் அண்ணன் சொன்னார். நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

அவள் ஏன் அழுகிறாள் என்று அன்று நீ கேட்டபோது தெரியாது என்றேன். தெரியும்.

போடிமெட்டுக் காட்டில் அவள் பறித்துத் தந்த இலையில் அந்துப்பூச்சி முட்டைகள் கறுத்திருந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள், "உள்ள என்னப்பா?" என்றாள்.

"குளவிக்குஞ்சு. முட்டை அந்துப்பூச்சியோடது, பிள்ளை வேற ஆளோடது."

"என்னைய மாதிரியாப்பா?"

"ஆமா. சோலியப் பாக்க விடு."

தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். அந்தக் குஞ்சு முட்டையைத் தின்றுதான் வளரும் என்று அவளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

நேற்றுக் குளவிகள் வெளிவந்தன. ஆணின் உணர்கொம்பில் இருக்கும் ரோமத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிட்டேன். அன்று பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

குப்பியில் ஒட்டும் சீட்டில், சேகரித்தவர் சுஜிதா என்று எழுதினேன். இனிஷியல் போடக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருப்பது அவளைப் பெற்றவருடையது. என்னுடையதைப் போடலாமா என்று அவளிடம் கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, அப்படியே ஒட்டிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்