பதினேழாம் கேள்விக்குப் பதில்

பெல் க்ரோவ், ஆர்கன்சா
மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை லீத்தாவுக்கு,

அக்கா வெர்டெல் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தான் ரோஸ்கோவும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் நிற்க முடியவில்லை என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுகிறார். உட்கார்ந்தாலும் சுருதி வழக்கமான இடத்தில்தான் தவறுகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, பல்வலி நின்றதா என்று மறக்காமல் எழுது.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபத்தில் பதில் போடாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் முதல் இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு எனக்கு நேரமில்லை. என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

ஆயிரத்து ஐந்நூறு மணி நேரமும் முடித்துவிட்டாய், சிறைக்குள் நடக்கும் அந்த முடியலங்கார வகுப்பில் முதலாவதாக வந்தாய் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதை என் பார்லரில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். முடி உலர்த்தும் இயந்திரத்தின் அடியில் இருந்த மூன்று பேருக்குக் கேட்டிருக்காதே என்று அதை அணைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். ஒரே கைதட்டல். இரண்டாம் பக்கத்தை மட்டும் நல்லவேளையாக மனதுக்குள் வாசித்தேன்.

“லைசென்ஸ் படிவத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன்கா. பதினேழாவது கேள்வி, குற்றத்துக்காகத் தண்டனை வாங்கியிருக்கியான்னு கேக்குது. இல்லன்னு எழுதினா பொய். ஆமான்னு எழுதினா எவன் லைசென்ஸ் குடுப்பான்? ஆகஸ்ட்ல வெளிய வந்ததும் பழையபடி கோழி வெட்டற ஆலைக்கே போயிடறேன். அங்க யாரும் எதையும் கேக்க மாட்டாங்க” என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டார்கள்தான். கோழியும் கேட்காது. அதற்காகவா பொம்மைத் தலையில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் சுருட்டிச் சுருட்டி விரல் நுனி தேய்ந்தாய்?

மூன்றாம் நாள் காலை, லைசென்ஸ் தரும் மாநில வாரியத்துக்குப் போன் செய்தேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன், திட்டிக்கொள். எடுத்த பெண் பொறுமைசாலி. தண்டனை பெற்றவர்களை அப்படியே ஒதுக்கிவிடுவதில்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள், வாரியம் கூடும் நாளில் வேண்டியவர்கள் நேரில் வந்து பேசலாம் என்றாள். எந்த நாள் என்றேன். மார்ச் மூன்று, திங்கள் என்றாள். “திங்கக்கிழமைதான எங்க கடைக்கே லீவு? கடவுளே பாத்துக் குறிச்ச நாள்தாம்மா அது” என்றேன். அவள் முகவரியைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னாள்.

போன திங்கள் விடியும்போதே தேவாலயத்து வேனில் கிளம்பினோம். ஓட்டியது உன் அத்தான். உனக்காகப் பேச வந்தவர் யார் தெரியுமா? மிஸ் பெட்வே! உனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர். எண்பத்தொரு வயதில், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே வெளியே வரும் அந்த ஊதா இறகுத் தொப்பியைத் திங்களன்று போட்டுக்கொண்டு வாசலில் எனக்கு முன்னால் நின்றார். வழி நெடுக ரோஸ்கோ ஜன்னலை மூடவே இல்லை. மூடினால் தூக்கம் வருமாம்.

அங்கே நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நான் முதலில் ஐந்து தலைகளையும் பார்த்துவிட்டுத்தான் முகங்களைப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா? ஓரத்தில் இருந்த அம்மாள் வீட்டிலேயே சாயம் போட்டுக்கொண்டவர், காதோரம் கறை இருந்தது. தலைவியின் பெயர் திருமதி லாஃப்டிஸ். பிடரியில் அவ்வளவு சுத்தமான வெட்டு, யார் கை என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நடுவில் இருந்த மெலிந்த மனிதரைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் முன்பு கடை கடையாகச் சோதனைக்குப் போனவர். நம் கடைக்கும் ஒருமுறை வந்து, துண்டு வைக்கும் அலமாரிக்குக் கதவில்லை என்று எழுதிவிட்டுப் போனாரே, அவரேதான். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கடைக்காரரைக் கால் கழுவும் தொட்டி அழுக்கு என்று பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. மிஸ் பெட்வே மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார். “லீத்தா எங்கிட்ட படிச்ச பொண்ணு. பொய் சொன்னா இவளுக்குக் காது நுனி செவந்துடும். அதனாலயே பாவம், பொய்யே சொல்ல மாட்டா. அந்த மருந்துக் கடைக் கொள்ளை விஷயத்துலயும் போலீஸ் கேட்ட ஒடனே, ஆமா, கார நான்தான் ஓட்டினேன்னா. உள்ள போயி துப்பாக்கி காட்டினவன் இன்னும் ஒத்துக்கல” என்றார். ஐந்து பேரும் குறித்துக்கொண்டார்கள். எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது தெரியுமா?

அப்போதுதான் நான் கெடுத்தேன். வேன் காற்றும் தொப்பியும் சேர்ந்து மிஸ் பெட்வேயின் உச்சி முடியைக் குத்திட்டு நிற்க வைத்திருந்தன. மாநில வாரியத்தின் முன்னால் என் வாடிக்கையாளர் இப்படி நிற்பதா? என் கை என்னைக் கேட்கவில்லை. அங்கிப் பையிலிருந்து சீப்பை எடுத்தது, இரண்டு இழுப்பு இழுத்துப் படிய வைத்தது, திரும்பப் பைக்குள் போட்டது. போட்ட பிறகுதான் ஐந்து பேரும் என் பையையே பார்ப்பதைக் கவனித்தேன். கிருமிநாசினியில் கழுவி உறையில் போடாத சீப்பு! பையிலிருந்து நேராகத் தலைக்கு! தேர்வில் இதைச் செய்தால் அந்த இடத்திலேயே மதிப்பெண் போச்சு. நான் அதை வாரியத்தின் மூக்குக்கு நேரே செய்திருக்கிறேன்.

மெலிந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, அந்தச் சீப்பு எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். நான் பையைக் கையால் மூடிக்கொண்டேன். மிஸ் பெட்வேதான் திரும்பி, “என் முடிக்கு எண்பத்தொரு வயசு தம்பி. ரெண்டு வெள்ளம், மூணு புருஷன், எல்லாத்தையும் பாத்துடுச்சு. இந்தச் சீப்புக்கெல்லாம் சாகாது” என்றார். காதில் கறைபட்ட அம்மாள்தான் முதலில் சிரித்தார். பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. மெலிந்தவர் மட்டும், “சிரிக்கறது இருக்கட்டும், கடைக்குப் போனதும் அதக் கிருமிநாசினில போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் திருமதி லாஃப்டிஸ் என்னைப் பார்த்தார். கேள்வி சாதாரணமானதுதான். “ஒங்க கடைக்கு இருபத்தெட்டு வருஷம்ங்கறீங்க. தங்கச்சி கையில அவ்வளவு தொழில் இருக்குங்கறீங்க. பத்தொம்பது வயசுல ஒங்ககிட்டதான இருந்தா? ஏன் விட்டீங்க?”

லீத்தா, இந்தக் கேள்விக்குப் பதினைந்து வருஷமாக என்னிடம் ஒரே பதில்தான். ஊரே கேட்டிருக்கிறது, நீயும் நம்பியிருக்கிறாய். லைசென்ஸ் இல்லாத பெண்ணைத் தலையில் கை வைக்க விட்டால் வாரியம் கடையைப் பூட்டிவிடும், அதனால்தான் அனுப்பினேன் என்பது. பழியைத் தலைநகரில் இருக்கும் வாரியத்தின் மேல் போட்டுவிட்டால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இப்போது அந்த வாரியமே எதிரில் ஐந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை விசாரிக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். சோறு போட்டவளிடமே மறைக்க முடியுமா?

உண்மையைச் சொன்னேன். அவர்களிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

சட்டம் அதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னை அனுப்பியது சட்டம் அல்ல. அந்த ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நினைவிருக்கிறதா? கூட்டம் தாங்காமல், தலை அலசிவிட மட்டும் வைத்திருந்த உன்னிடம் தேவாலயத்து டீக்கனின் மனைவியை அனுப்பினேன். முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பை நீ பிடித்து இழுத்த விதத்தை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடி ஒன்றுகூடக் கருகவில்லை. அந்தப் பளபளப்பு என் கைக்கு வந்ததே இல்லை. அடுத்த வாரம் மூன்று பெண்கள் கதவைத் திறந்துகொண்டு, “சின்னவ இருக்காளா?” என்று கேட்டார்கள். எனக்கு முப்பத்தேழு வயது. என் சொந்தக் கடையில், என் பெயர் எழுதிய பலகையின் கீழே, சின்னவளைக் கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, லீத்தா. பொறாமை. வேறு பெயரே இல்லை அதற்கு.

போய்ப் படித்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வா என்று சொன்னேன். அழகுக்கலைப் பள்ளிக்கூடம் இரண்டு மாவட்டம் தள்ளி. உன்னிடம் வண்டி இல்லை. ரோஸ்கோ அப்போது தினமும் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போனார். “போற வழிதான, புள்ளைய எறக்கி விட்டுட்டுப் போறேனே” என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வேண்டாம், அவளாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் சொன்னேன். நீ கோழி ஆலைக்குப் போனாய். அங்கே டெமெட்ரிக்கைப் பார்த்தாய். மருந்துக் கடை வாசலில் அவனுக்காகக் காரை நிறுத்தி வைத்திருந்தது நீதான். அந்தக் குற்றம் உன்னுடையது, அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் நீ என் கடையில் இருந்திருந்தால் அவனைப் பார்த்தே இருக்க மாட்டாய். இதை வாரியத்தின் முன்னால் அழாமல் சொல்லி முடித்தேன். வேனில் ஏறிய பிறகு அழுதேன். ரோஸ்கோ அப்போதுதான் ஜன்னலை மூடினார்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்றுதானே கேட்கிறாய்? இன்னும் முடிவு சொல்லவில்லை. திருமதி லாஃப்டிஸ், “நீங்க சொன்னது போதும். இனிமே அந்தப் பொண்ணு சொல்லணும். படிவமும், அவ கைப்பட ஒரு பக்கமும் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள எங்களுக்கு வரணும். வரலன்னா இந்த விஷயத்த மூடிடுவோம்” என்றார். வெளியே வரும்போது மெலிந்தவர் கதவருகே நிறுத்தி, “மறச்சு எழுதினா நாங்க கண்டுபிடிச்சுடுவோம்மா. சொல்லி எழுதினா யோசிப்போம். இத உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன். அந்த மனிதரை இத்தனை வருஷம் வைதிருக்கிறேன், இனி அலமாரிக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

திரும்பும் வழியில் மூவரும் கெளுத்தி மீன் வறுவல் சாப்பிட்டோம். மிஸ் பெட்வே என் தட்டிலிருந்தும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை தன் தலை உனக்குத்தான் என்று எனக்கு நேராகவே சொல்லிவிட்டார். பார், மறுபடியும் சின்னவளைத்தான் கேட்கிறார்கள். இந்தத் தடவை நான் மீனைச் சரியாக மென்று விழுங்கினேன்.

தேர்வைப் பற்றி ஒன்றிரண்டு. கீழே விழுந்த சீப்பைக் குனிந்து எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதே. கிளிப்பை வாயில் கவ்வாதே. நான் முதல் தடவை தோற்றது அதனால்தான். இரண்டாம் தடவையும் அதனால்தான். பொம்மைத் தலையோடு பேசாதே, மதிப்பெண் தர மாட்டார்கள், பைத்தியம் என்று நினைப்பார்கள்.

புதுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். இதையும் கிழித்தால் இன்னொன்று அனுப்புவேன். எத்தனை கிழிக்கிறாய் என்று பார்க்கலாம். லைசென்ஸ் கிடைத்ததும் நீ என் கடைக்குத்தான் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதிர்ச் சாரியில் தனியாகக் கடை போட்டாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்கோ ஏணியில் நிற்பார், அவர் முழங்காலை நான் பிடித்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிட்டதாக எழுது என்றும் கேட்கவில்லை. அதற்கு இருபத்தெட்டாம் தேதி என்று கெடு வைக்க எனக்கு உரிமை இல்லை. பதினேழாம் கேள்விக்கு ஆம் என்று எழுது, கண்ணே. நான் என் பதிலைச் சொல்லிவிட்டேன்; ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஒரே ஒரு ஆசை. நீ போனதிலிருந்து என் தலையில் வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை, நானேதான் செய்துகொள்கிறேன், பின்பக்கம் எப்போதும் கோணல். உன் லைசென்ஸ் சுவரில் மாட்டிய அன்று முதல் ஆளாக வந்து உட்காருவேன். கண்ணை மூடிக்கொள்வேன். முடிந்ததும் எனக்குக் கண்ணாடி காட்ட வேண்டாம்; உன் கை எப்படி என்று எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அக்கா,
வெர்டெல்