எதிரே வந்த காவடிக்கூட்டம்

அத்தை,

காலையிலிருந்து எடப்பாடித் தெருவெல்லாம் தைல வாசனை. பழனிக்குப் புறப்பட்ட கூட்டமொன்று நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டது. ஒரு பெண் கெண்டைக்காலில் தைலத்தை அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அவளும் சும்மா இருந்திருக்க மாட்டாள்.

மகனுக்குப் பெண் அமைந்தால் மருமகளோடு நடந்து வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டவர் நீங்கள். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி முதல் தைப்பூசம். வழியனுப்ப வந்த என் அப்பா முன்னால், நான் கிளறிய புளிச்சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டு, "புளியை இதுல போட்டயா, இல்ல கடையிலயே உட்டுட்டு வந்துட்டயா?" என்றீர்கள். அப்பா சிரித்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி உங்களிடம் பேசுவதில்லை. பழனியிலிருந்து நேராக வாழப்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

நீங்களும் இறங்கி வரவில்லை. சங்ககிரி தாண்டியும் முருகனைத்தான் தூது விட்டீர்கள்.

"முருகா, இந்தப் புள்ளைக்குக் காலு நோவுதான்னு கேளு."

"நோவுலைன்னு சொல்லிரு முருகா" என்பேன் நான்.

கூட வந்தவர்கள் நம் பக்தியை மெச்சினார்கள்.

திருச்செங்கோட்டுக்கு முன்னால் ஒரு பந்தலில் மோர் ஊற்றினார்கள். சாலையைக் கடந்து போய்க் குடித்துவிட்டு, நிழலில் கண்ணயர்ந்தோம். விழித்தபோது நம் கூட்டம் போயிருந்தது. எழுந்து அவசரமாக நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே எனக்குச் சந்தேகம். முன்னால் தெரிய வேண்டிய திருச்செங்கோட்டு மலை முதுகுக்குப் பின்னால் நின்றது. சொன்னால் நான்தான் முதலில் பேசியதாகிவிடும். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். நீங்களும் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்தீர்கள். வாயை மூடிக்கொண்டு நடந்தீர்கள்.

எதிரே ஜலகண்டாபுரத்துக் காவடிக்கூட்டம் வந்தது. முன்னால் வந்த பெரியவர் நம்மைப் பார்த்து வியந்து நின்றார்.

"ஏனுங்க, அதுக்குள்ள பழனிக்குப் போயிட்டுத் திரும்பீட்டீங்களா?"

வழி தவறியதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனசு வரவில்லை. "ஆமாஞ் சாமி" என்றுவிட்டீர்கள்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "அப்ப உங்க கையால துன்னூறு குடுங்க."

பின்னால் வந்தவர்களும் திருநீற்றுக்கு வரிசையாகக் கையை நீட்டினார்கள். நீங்கள் திருதிருவென்று விழித்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏம் புள்ள, பாத்துட்டே நிக்கறயே, ஏதாச்சும் சொல்லு புள்ள!"

"வழி மாறிட்டோமுங்க" என்றேன். "எங்கத்தைக்கு வெயிலு ஒத்துக்கலீங்க."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு நம்மைத் தன் கூட்டத்தோடு திருப்பி அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"மலையப் பாத்தப்பவே தெரியுமுங்க அத்தை."

"எனக்குந்தான்" என்ற நீங்கள், சிரிப்புத் தாங்காமல் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். தூக்கிவிட வந்த நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பழனியில் தரிசனம் முடிந்தது. பஸ் நிலையத்தில் பையை வைத்துக்கொண்டு நான் தயங்கி நின்றேன். எப்படித்தான் தெரிந்ததோ, "உங்கம்மா ஊட்டுக்குத்தான? போலாம், நானும் வாரேன்" என்றீர்கள். வந்து தங்கியும்விட்டீர்கள். நான் எதையெல்லாம் சொல்லி அழ நினைத்திருந்தேனோ, அதையெல்லாம் அம்மாவிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வாழப்பாடிக்கு நான் தனியாகப் போனதே இல்லை.

போன மாதம்தான் முதல்முறையாகத் தனியாகப் போனேன். சேலத்தில் பஸ் ஏறி, எப்போதும் நீங்கள் உட்காரும் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடைவழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார்.

"ஆள் வருதுங்க" என்று சொல்லிவிட்டேன்.