டிரில்லிங் மெஷினுக்கு நான் சொன்ன விலை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிள்ளை எழிலரசன் ஒரகடத்திலிருந்து வந்திருக்கிறான். அவன் நைனா போய்ச் சேர்ந்து நாலு மாதம். பட்டறையைக் காலி செய்து வாடகைக்கு விட வேண்டுமாம். வெல்டிங் செட்டு, கிரைண்டர் எல்லாம் விற்றாயிற்று. மிச்சம் கையால் சுற்றுகிற டிரில்லிங் மெஷின் ஒன்றுதான்.

"பாண்டிச்சேரில பழசுக்கு நல்ல வெல தர்றாங்கம்மா. ஆள வரச் சொல்லிருக்கேன்."

"உங்க நைனாவக்கூட வித்திருக்கலாம். அதுவும் பழசுதான்" என்றேன். சிரித்தான்.

ஆகஸ்ட் 5

கரண்ட் போனால் இவர் அந்த மெஷினில்தான் வேலை செய்வார். இரும்புப் பட்டையை இவர் பிடிப்பார், நான் கைப்பிடியைச் சுற்றுவேன். இருபத்தாறு வருஷம். வேகம் குறைந்தால், "இன்னாடி மங்க, கோட்ட மேல ஏர்ற மாதிரி மூச்சு வாங்குற?" என்பார். "நீ வந்து சுத்துய்யா, நான் செல மாதிரி நிக்கிறேன்" என்பேன்.

விற்கக் கூடாது. ஆனால் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நினைக்க மாட்டானா? விலை போகாது என்று ஆகிவிட்டால் அவனே விட்டுவிடுவான்.

ஆகஸ்ட் 9, சனி

வந்தவன் பெயர் ரஞ்சித். இவர் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அடித்த பச்சைப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டினான். உள்ளே வார்ப்பிலேயே இங்கிலீஷ் எழுத்து. சீமைச் சரக்கு, நூறு வருஷம் இருக்கும் என்றான். மேலே இருக்கும் பல்சக்கரத்தைக் காட்டி, "சுத்தச் சுத்த இதுவே ஊசியக் கீழ எறக்கும்மா. எல்லாம் முழுசா இருக்குது. இருபதாயிரம் போகும்" என்றான்.

"எங்கப்பா முழுசு? அடியில விரிசல் உட்டு ஒட்டு போட்டிருக்காரு. தெரியக்கூடாதுன்னுதான் வருசா வருசம் பெயிண்ட்டு" என்றேன்.

பொய். பட்டறைக்காரன் பெண்டாட்டி சொன்னால் நம்பாமல் இருப்பானா?

"ஒட்டு போட்ட வார்ப்ப யாரும் வாங்க மாட்டாங்கம்மா." போய்விட்டான்.

ஜெயித்துவிட்டோம்யா!

ஆகஸ்ட் 10

எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்த்தேன். பட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. ஊசி வெறும் காற்றில் இறங்கியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பனமலையில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தால் பட்டறை பெருக்கிக் கிடக்கிறது. எழிலரசன் காலையில் வந்து மெஷினைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டானாம்.

"ரஞ்சித்து போன்ல சொன்னாரும்மா, விரிசல் உட்டதுன்னு. வெல போவாதத வச்சிக்கினு இன்னா பண்றது?"

முழுசாகத் தூக்க முடியாமல் சம்மட்டியால் உடைத்தார்களாம். நாலு துண்டு.

"ஒடையவே மாட்டேன்னுச்சும்மா. விரிசல் ஒண்ணும் காணோமே?"

நான் சிரிச்சேன். அவன் முன்னால சிரிச்சேன்யா. எனக்கு வேற இன்னா தெரியும்? நானே ஒடச்சிட்டேன் — என் வாயாலயே ஒடச்சிட்டேன்.

ஆகஸ்ட் 18

சாப்பிடவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் நமக்குக் கிடையாது. தெருவில் எல்லா வண்டிக்கும் பொட்டு. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழிலரசன் போன் செய்தான். "நமக்குத்தான் தீவாளி இல்லியேம்மா. லீவுல நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"நல்லதுடா, ஒரு ஆள் சோறு மிச்சம்" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வாடா. உங்க நைனா இல்லாம என்னால இருக்க முடியல."

"இன்னிக்கே கெளம்பட்டுமாம்மா?"

"கெளம்பு" என்றேன்.