இது குண்டு இல்லை, மீசோட்ரான்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
நவம்பர் 1945

அன்பு மகள் தனலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. ஊரடங்கிய நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள், தேங்காயெண்ணெய் விளக்கில் வரி கோணிக்கொண்டு போகிறது, ஆனால் விடியும்வரை பொறுக்க முடியவில்லை. நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகம் என்பதை இத்தனை வருஷம் கழித்து இன்று உன் கையெழுத்திலேயே கண்டோம், முருகன் கைவிடவில்லை. ஜப்பான்காரன் வந்தபிறகு நீ படிக்கப் போன மதராசிலிருந்து ஒரு வரி இல்லை, நீ இருக்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்க இந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவு வரவில்லையம்மா.

கடிதத்தை உரக்கப் படித்தேன், பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவும் வந்து நின்றாள். மீசோட்ரான் என்று ஒன்று வானத்திலிருந்து ஓயாமல் விழுகிறது, கூரையையும் நம் உடம்பையும் துளைத்து மண்ணுக்குள் போகிறது என்று நீ எழுதியதைப் படித்தேனோ இல்லையோ, ஐயோ மறுபடியுமா என்று கத்தி உன் தம்பி பாலனை வாரிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிவிட்டாள். செந்தூல் ரயில் பட்டறையில் குண்டு விழுந்ததிலிருந்து அவளுக்கு வானம் என்றாலே நடுக்கம். இது குண்டு இல்லை அக்கா, எலக்ட்ரான் மாதிரி கண்ணுக்குத் தெரியாத துகள், அதைவிட இருநூறு மடங்கு கனம், அவ்வளவுதான் என்றேன். இருநூறு மடங்கா, அப்ப நீயும் உள்ள வந்துரு தங்கச்சி என்கிறாள்! குழிக்குள் முழங்கால் தண்ணீர். உன் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முதல் கப்பலில் வரமாட்டேன், இன்னும் இரண்டு வருஷம் கொடைக்கானல் மலையில் அந்த மீசோட்ரானை எண்ணப்போகிறேன், உத்தரவு தாருங்கள் என்று நீ கேட்ட இடத்தில்தான் எனக்குப் பகீரென்றது. பிறகு தனியாக மறுபடி படித்தேன். நான் காலேஜில் பௌதிகம் படித்தபோது எலக்ட்ரானுக்கு இந்தப் புதுச் சம்பந்தி கிடையாது. உயரத்தில் பிறந்து கண் இமைக்குமுன் செத்துப்போகிற வஸ்து, கணக்குப்படி பாதி வழிகூடத் தாண்டாதாம், ஆனால் அது பாய்கிற வேகத்தில் அதன் ஆயுசே நீண்டு தரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறதாம். அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். நீ கேட்ட உத்தரவை அப்பாவிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். இத்தனை நாள் மேலேயிருந்து எது விழுந்தாலும் ஓடி ஒளிஞ்சோம், ஆசையா நின்னு எண்ணுறதுக்கு நம்ம வீட்ல ஒருத்தி இருக்கட்டுமே என்றார்.

ஆகவே இரு, எண்ணு. மலைக்குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதே, காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு கண்ணே. வேலை எவ்வளவு இருந்தாலும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
வள்ளியம்மா