முப்பத்தொன்பதாவது இடம்

பிராண்டே
ஞாயிறு காலமை

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம், ரொறன்ரோவில நீயும் சுகமெண்டு நினைக்கத்தான் ஆசை, ஆனா நேற்றுப் போனில உன்ர குரல் அப்பிடி இல்லை. அம்மாவின்ர முழங்கால் பரவாயில்லை, வெளியில ஒரே காத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுறது சிவபாலன் மாமா. இண்டைக்கே படமெடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவார், நாளைக்கு வேலையில எல்லாம் சரியெண்டு கையெழுத்து வைக்க முதல் வாசி.

ஆசுப்பத்திரியில மருந்து ஏத்துற மெசினின்ர புறோகிராமில ஒரு சின்ன இடத்தைத்தான் மாத்தினது, சோதிச்சா எல்லாம் சரியெண்டு பச்சை காட்டுது, பச்சைக்கு மேல உனக்கு என்ன நிறம் வேணுமெண்டு மனேஜர் நக்கலடிச்சவர் எண்டாய். எனக்கு ஒரு கேள்விதான் பிள்ளை. அந்தச் சோதினை லிஸ்ட் மாத்தினதுக்குப் பிறகு எழுதினதோ, முதலே இருந்ததோ?

நான் கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடியின்ர இறகைச் சுத்தியலால தட்டிப் பாக்கிற வேலைக்குச் சேரேக்க உனக்கு ஒன்பது வயசு. எங்கெங்க தட்டோணுமெண்ட தாளை நீதான் வாசிச்சுக் காட்டினாய், முப்பத்தெட்டு இடம், இப்பவும் வரிசை பிசகாமல் சொல்லுவன். பசை பிடிச்ச இடம் சுத்தியலுக்கு இறுக்கமாய்க் கேக்கும், பிடிக்காத இடம் வெறும் பெட்டி மாதிரி. ரண்டு வருசத்தில பசையை மாத்திப் புதுத் தாள் ஒண்டு தந்தாங்கள். வாசிக்கத் தெரியாதெண்டு சொல்ல வெக்கம், பழசுதானே எண்டு மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிட்டன். முப்பத்தெட்டும் தட்டினன், எல்லாம் நல்ல சத்தம், முத்திரை குத்தினன். புதுத் தாளில முப்பத்தொன்பதாவது இடமும் இருந்திருக்கு. கிறேன் தூக்கேக்க இறகு அதிலதான் பிளந்து கீழ நிண்ட சிவபாலன்ர காலில விழுந்தது. இதைத் தட்டினனீயோ எண்டு போர்மன் கேட்டார், ஓம் எண்டன். அப்ப கிறேனில இறகைத் தூக்கப் பட்டி கட்டினவர் பிழையாய்க் கட்டியிருக்கிறார் எண்டு முடிச்சாங்கள். கட்டினதும் சிவபாலன்தான். இருபது வருசமாய்த் தன்ர பிழை எண்டு நம்பிக்கொண்டு அந்தக் காலோட நடக்கிறார்.

இந்த இடத்தில அவர் பேனையை மேசையில வைச்சிட்டார். எழுத ஏலாட்டி விடும் எண்டன். சொல்லுங்கோ அண்ணை, பிள்ளை நாளைக்குக் கையெழுத்து வைக்கப்போறாள் எண்டு திரும்ப எடுத்தார்.

மாத்தின இடத்துக்குப் புதுச் சோதினை எழுதாமல் கையெழுத்து வைக்காதை. வேலையால நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டட்டும். பிள்ளையார் உன்னோட நிப்பார். காலமைச் சாப்பாட்டை விடாதை.

சிவபாலன் ரண்டு தரம் முழுக்க வாசிச்சுக் காட்டினார். தன்ர காலைப் பற்றினதையும் விடாமல் வாசிச்சார். கேட்ட பிறகுதான் கையெழுத்துக்குப் பதிலாய்ப் புள்ளடி போடுறன்.

அப்பா
இராசரத்தினம்
X