வினிதாவின் வடிகட்டி

ஜூன் 3, திங்கள்

குப்பை மெயிலைத் தடுக்க மெயில் சர்வரில் இனி என் விதிகள் கிடையாது. ஒன்பது வருடமாக ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தவை எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. வினிதா வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் அவள் ஸ்கிரிப்ட் தனியாக ஒரு புரோகிராமிடம் கொடுக்கிறது. அது படித்துப் பார்த்து 'சரி' என்றால் மெயில் உள்ளே, 'இல்லை' என்றால் குப்பை.

மீட்டிங்கில் அமீருதீன் சார், "இத ஏன் இத்தனை நாளா யாரும் பண்ணல?" என்றார். யாரும் என்றால் நான்தான். இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதினோரு கிளைக்கும் சர்வர் பார்ப்பது அவளும் நானும் மட்டுமே.

ஜூன் 4

குப்பை மெயில் ஒன்றுகூட வரவில்லை. வயிறு எரிகிறது.

ஜூன் 7, வெள்ளி

செப்டம்பரில் எங்கள் இருவரில் ஒருவர் டீம் லீட் ஆவார் என்று சார் சொல்லிவிட்டார். நான்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளே வந்தாள். "அண்ணா, என் ஸ்கிரிப்ட்ட ஒரு தடவ பாருங்களேன். நீங்க பார்த்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும்." சரிம்மா என்றேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை பஸ்ஸில் அதே நினைப்பு. உதவி கேட்கிறாளா, திறமையைக் காட்டுகிறாளா?

ஜூன் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

அந்தப் புரோகிராம் பதில் சொல்லப் பத்து விநாடி கொடுத்திருக்கிறாள். அதற்குள் பதில் வராவிட்டால், ஸ்கிரிப்ட் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு மெயிலைத் தூக்கிப் போடுகிறது. சர்வர் பார்க்கிறவன் முதலில் கற்றுக்கொள்வதே இதுதான்: பதில் வராவிட்டால் உள்ளே விடு. டாக்டர்கள் பெரிய ஸ்கேன் படம் இணைத்து அனுப்பும் மெயிலைப் பத்து விநாடியில் படித்து முடிக்க முடியாது. என் சொந்த முகவரியிலிருந்து இருபது எம்பி-யில் ஒன்று அனுப்பிப் பார்த்தேன். காணோம். போய்ச் சேரவில்லை என்றுகூட எனக்குத் தகவல் வரவில்லை.

டீ குடிக்கும்போது, "பார்த்தீங்களா அண்ணா?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஜூன் 12

சொல்லிவிடலாமா? சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடுவாள். அப்புறமும் அது அவள் ஸ்கிரிப்ட்தான், பேரும் அவளுக்குத்தான். வேண்டாம். எவனாவது ஒரு டாக்டர் போனில் கத்தட்டும். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் காட்டுகிறேன்.

ஜூன் 14

யாரும் கத்தவில்லை. இன்றும் சார் அவளைத்தான் பாராட்டினார்.

ஜூன் 18, செவ்வாய்

பெருங்களத்தூர் கிளை ரிசப்ஷனிலிருந்து ஷபீனா அழுதுகொண்டே பேசினாள். "அண்ணா, செல்லியம்மாள்னு ஒரு பாட்டி. ஏழு மணிக்கே வெறும் வயித்தோட வந்துட்டாங்க. என்ன டெஸ்ட்னு டாக்டர் மெயில் அனுப்பிட்டேன்றாரு, எங்களுக்கு வரவே இல்ல. வந்துடும், வந்துடும்னு பதினோரு மணி வரைக்கும் உக்கார வெச்சுட்டோம். மயங்கி விழுந்துட்டாங்கண்ணா. தலையில நாலு தையல்."

டாக்டர் பழைய ஸ்கேனையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சார் அறைக்குப் போய், ஸ்கிரிப்ட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். இரண்டே நிமிடம். "நல்லவேளை நீ இருந்தே ஆரோன்" என்றார். பக்கத்தில் நின்ற வினிதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். வந்தது. அப்புறம்தான் ஷபீனா சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. நாலு தையல். நான் போட வைத்த தையல்.

ஜூன் 19

தொலைந்தவை மொத்தம் நாற்பத்து மூன்று. சர்வர் பதிவில் தேதியும் முகவரியும் அளவும் மட்டும் மிச்சம். அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, அனுப்பியவர்களுக்கு நான் போன் செய்து, திரும்ப அனுப்பச் சொன்னேன்.

"பதினொன்னாம் தேதி, மூணு மணி. இருபது எம்பி." நிறுத்தினாள். "இது உங்க அட்ரஸ் அண்ணா."

போனைக் கீழே வைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "பன்னெண்டாம் தேதி, காலைல ஒன்பதே கால்" என்று அடுத்ததைப் படித்தாள்.

ஜூன் 24, திங்கள்

அவள் எழுதிய அறிக்கை வந்தது. 'தவறு முழுக்க என்னுடையது, கண்டுபிடித்தவர் ஆரோன்' என்று எழுதியிருக்கிறாள். தொலைந்த மெயில்களின் பட்டியலை இரண்டு தடவை எண்ணினேன். நாற்பத்திரண்டுதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு செல்லியம்மாள் வீட்டுக்கும் போய் வந்தாளாம். ஷபீனா சொன்னாள். எனக்கு அந்தத் தெருவுக்குள் போகக்கூட தைரியமில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

டீம் லீட் நான்தான். வினிதா நாவலூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், இந்த வாரம் கடைசி. நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மேல் கோபமாவது பட்டிருப்பேன். சொல்லாமல் இருக்க முடிகிறதே அவளால் – அதைப் பார்த்தும் பொறாமைதான் வருகிறது எனக்கு.

எல்லோரும் கை கொடுத்தார்கள். கடைசியாக அவளும் வந்தாள்.

"கங்கிராட்ஸ் சார்" என்றாள்.

அண்ணா என்று கூப்பிட்டு இரண்டரை மாதம் ஆகிறது.